பிரித்துப் பார்த்துக் கற்றவர்

தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்கள், கற்றதைப் பணியிடத்தில் பயன்படுத்த இயலாமல் திகைப்பது ஏன்? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893-இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் சிற்றூரில் பிறந்த அவருக்குப் பள்ளிக் கல்வியில் நாட்டமில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவரை ஈர்த்தது. கோவையில் உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற முதல் தொழிற்பள்ளி.

பின்னர் திருப்பூரில் பருத்தி அரவை ஆலை நடத்திப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். தோல்வி அவரை முடக்கவில்லை. ஸ்டேன்ஸ் நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல், பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினார்.

தாம் கற்ற முறையைப் பிறருக்கும் வழங்க விழைந்தார். அவர் அளித்த கொடையால் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1974-இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

படிப்பின் கால அளவில் அவரோடு மாறுபடலாம். ஆனால், கற்பதற்கும் செய்வதற்கும் இடையிலான தொலைவு குறைய வேண்டும் என்ற அவரது அடிப்படையை மறுப்பது கடினம். அவர் ஒருகாலத்தில் பருத்தி அரைத்த திருப்பூர் இன்று பின்னலாடை நகரம். பயிற்சி மையத்தில் ஓவர்லாக் இயந்திரம் பழகி வரும் ஒருவரை, மாதக்கணக்கில் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் மட்டுமே நிறுத்தினால், கற்ற விரல்கள் மறந்துவிடும். கூடுதல் வகுப்புகளால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளியாக அன்றி, பயிற்சி பெறுபவராகவே கருதுகிறது. அந்த நோக்கம் ஆலைக்குள்ளும் நிறைவேற வேண்டும். கற்ற வாரத்திலேயே அதே இயந்திரத்தில் அமரும் வாய்ப்பு, அருகிலிருந்து திருத்தும் மூத்த தையலர், வீணாகும் சில துணித்துண்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் ஆகிய மூன்றும் அமைந்தால் பயிற்சி தொழிலாக மாறும்.

ஏற்றுமதிக் கெடுவின் நெருக்கடியில் இவற்றுக்கு நேரம் ஒதுக்குவது எளிதன்று. ஆனால், தேர்ந்த கைகள் இல்லையென வருந்தும் நகரம், அவற்றை உருவாக்கும் செலவையும் ஏற்கத்தான் வேண்டும்.