பாடசாலைக்குச் செல்லாத பேரறிஞர்: ஜோன் ஸ்ருவாட் மில் (1806 – 1873)

அறிமுகம்

மாணவர்களே! ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைக் கண்டுவிடும் பிள்ளைகள் சிலரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர்களுக்குப் பாடநூல் சிறியது, தவணையோ நீண்டது. அத்தகைய பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என்றும் உள்ள கேள்வியாகும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் வாழ்ந்த ஒரு தந்தை இக்கேள்விக்குத் தாமே விடைகாண முற்பட்டார். தமது மூத்த மகனை எந்தப் பாடசாலைக்கும் அனுப்பாது வீட்டிலேயே கற்பித்தார். அம்மகனே பிற்காலத்தில் தத்துவஞானியாகவும் பொருளியலாளராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜோன் ஸ்ருவாட் மில் ஆவார். அவர் அடைந்த வெற்றியை மட்டும் படித்தால் அவரது வரலாற்றில் பாதியைத்தான் படித்தவர்களாவோம். அக்கல்வி அவருக்குக் கொடுத்தது எது, கொடுக்காமல் விட்டது எது என்ற இரண்டையும் இங்கு நோக்குவோம்.

பிறப்பும் பெற்றோரும்

ஜோன் ஸ்ருவாட் மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி இலண்டனில் பென்ரன்வில் என்னும் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவரே மூத்தவர். தாயாரின் பெயர் ஹரியற். தந்தை ஜேம்ஸ் மில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்தவர்; சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கற்ற அவர், 1802இல் இலண்டனுக்கு வந்து சஞ்சிகைகளுக்கு எழுதிக் கிடைத்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தினார்.

பயன்பாட்டுவாதத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜெரமி பெந்தம், ஜேம்ஸ் மில்லின் நெருங்கிய நண்பராவார். ஒருவர் எத்தகையவராக உருவாகின்றார் என்பதைப் பிறப்பைவிட வளர்ப்பும் கல்வியுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்று ஜேம்ஸ் மில் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் தம் மூத்த மகனிடத்திலேயே செயற்படுத்தினார்.

மூன்று வயதிற் கிரேக்கம்

ஜோன் மில் கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது மூன்று. தந்தையார் கிரேக்கச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலக் கருத்துகளையும் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். இலக்கண விதிகளை முதலில் திணிக்காமல், சொற்களைப் பழக்கிய பின் நேரடியாக வாசிப்புக்கு அழைத்துச் சென்றார். முதலில் ஈசாப்பின் நீதிக்கதைகள் வாசிக்கப்பட்டன. அதன்பின் செனபன், ஹெரோடொற்றஸ் ஆகிய வரலாற்றாசிரியர்களின் நூல்கள் வந்தன. ஏழு வயதாகும்போது பிளேற்றோவின் உரையாடல்களில் ஆறினை அவர் கிரேக்கத்திலேயே வாசித்திருந்தார். எனினும் வாசித்தவை யாவும் அவருக்கு விளங்கின என்று கொள்ளலாகாது. அவற்றுள் ஒன்று அந்த வயதுக்கு எட்டாதது என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

அக்காலக் கிரேக்க அகராதிகள் சொற்களுக்கு இலத்தீனிலேயே பொருள் கூறின. சிறுவனுக்கோ அப்போது இலத்தீன் தெரியாது. எனவே தெரியாத ஒவ்வொரு சொல்லையும் தந்தையிடமே கேட்க வேண்டியிருந்தது. தந்தையார் அதே மேசையில் அமர்ந்து 'பிரித்தானிய இந்தியாவின் வரலாறு' என்னும் பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். இயல்பிற் பொறுமை குறைந்தவரான அவர், எழுத்து வேலையினிடையே சளைக்காமல் ஒவ்வொரு சொல்லுக்கும் விடை கூறினார். 1806 அளவில் தொடங்கிய அந்நூலை 1817இல் அவர் முடித்தார். ஒரே மேசையில் நூலும் வளர்ந்தது, பிள்ளையும் வளர்ந்தான்.

காலை நடையே மீட்டல் வகுப்பு

1810 முதல் 1813 வரை குடும்பம் நியூவிங்ரன் கிரீன் என்னும் இடத்தில் வசித்தது. அக்காலத்தில் காலை உணவுக்கு முன்னர் தந்தையும் மகனும் அயலிலுள்ள பாதைகளில் உலாவச் செல்வது வழக்கம். முதல் நாள் வாசித்தவற்றைச் சிறுவன் துண்டுத் தாள்களில் குறித்து வைத்திருப்பான். நடந்துகொண்டே அக்குறிப்புகளின் துணையுடன் முழுவதையும் தந்தைக்கு எடுத்துரைப்பான். இவ்வாறு அவர் எடுத்துரைத்தவற்றுட் பெரும்பாலானவை வரலாற்று நூல்களே.

மாலை வேளைகளில் எண்கணிதம் கற்பிக்கப்பட்டது. அது அவருக்குக் கசப்பாகவே இருந்தது. எட்டு வயதில் இலத்தீன் தொடங்கியது. அத்துடன் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. தாம் கற்றதைத் தம் தங்கைக்கும், பின்னர் ஏனைய சகோதரர்களுக்கும் கற்பிக்கும் கடமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களது பாடத்திற் குறை காணப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இந்த வேலையை அவர் விரும்பவில்லை. ஆயினும் பிறருக்குக் கற்பித்ததனால் தமது பாடம் மேலும் ஆழமாகப் பதிந்ததை உணர்ந்தார்.

தொடர்ந்து கேத்திரகணிதம், அட்சரகணிதம் என்பனவும் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு வயதில் அரிஸ்ரோட்டிலின் அளவையியலும், பதின்மூன்று வயதில் டேவிட் ரிக்காடோவின் பொருளியலும் கற்பிக்கப்பட்டன. பொருளியலைத் தந்தை நடைப்பயணத்தின்போது விளக்குவார். மகன் மறுநாள் அதை எழுதிக் காட்டுவான். தெளிவாகவும் சரியாகவும் அமையும் வரை அதனைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்தக் குறிப்புகள் 1821இல் ஜேம்ஸ் மில் வெளியிட்ட பொருளியல் நூலுக்கு உதவின.

மனனம் அன்று, விளக்கமே

இத்தனையையும் ஒரு சிறுவன் மனனம் செய்து ஒப்புவித்தான் என எண்ணுவது தவறாகும். தந்தையின் முறையில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, சிந்தித்துக் கண்டறியக்கூடிய எதனையும் அவர் முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதில்லை. மகன் முயன்று களைத்த பின்னரே விளக்கம் வரும். இரண்டாவது, கற்றதைச் சொந்தச் சொற்களில் எடுத்துக் கூற வேண்டும். மூன்றாவது, பயன்படுத்தும் சொல்லின் பொருள் விளங்கியிருக்க வேண்டும். ஒருமுறை மகன், ஒரு விடயம் கோட்பாட்டளவிற் சரியாயினும் நடைமுறையில் மாறக்கூடும் என்ற வழக்கமான கருத்தைக் கூறினான். உடனே தந்தை கோட்பாடு என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்டார். மகன் தடுமாறினான். தந்தை அச்சொல்லின் பொருளை விளக்கியதோடு, விளங்காமற் பேசியதற்காகக் கடிந்தும் கொண்டார்.

தமக்குப் பிறவித் திறமை அதிகம் இருந்ததாக மில் கருதவில்லை. சராசரி ஆற்றலும் உடல்நலமும் உள்ள எந்தப் பிள்ளையும் இதனைச் சாதிக்கலாம் என்பதே அவரது கருத்து. அவரைப் பற்றி அறிந்த பலர் இதனை ஏற்கமாட்டார்கள். ஆயினும் முறையின் சிறப்பே தம்மை முன்னேற்றியது என்று அவர் இறுதி வரை நம்பினார்.

கொடுக்கப்படாதவை

இக்கல்வியில் விடுமுறை கிடையாது. உழைக்கும் பழக்கம் கெட்டுவிடும் எனத் தந்தை அஞ்சினார். வேறு சிறுவர்களுடன் பழகவும் இடமளிக்கப்படவில்லை. அவர்களது தீய பழக்கங்கள் தொற்றும் என்பதே காரணமாகும். ஆகவே ஓடி விளையாடும் தோழர்கள் அவருக்கு இருக்கவில்லை. நடைப்பயணத்தால் உடல் நலமாக இருந்தபோதிலும், சாதாரணக் கைவேலைகளிற்கூட அவர் திறமையற்றவராக வளர்ந்தார்.

தந்தை மகனுக்காக நேரத்தைக் கொடுத்தார், உழைப்பைக் கொடுத்தார். அன்பை மட்டும் வெளிக்காட்டவில்லை. மகன் அவரை மதித்தான், அவருக்கு அஞ்சினான். பிற்காலத்தில் மில் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தந்தையைக் குறை கூறுவதைவிட அவருக்காக இரங்குகின்ற தொனியிலேயே இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

தாம் ஏனையோரைவிட முன்னேறியிருப்பது கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1820இல், பதினான்காம் வயதில், அவர் பிரான்ஸ் நாட்டுக்குப் புறப்பட இருந்தார். அப்போது ஹைட் பூங்காவில் உலாவுகையில் தந்தை முதன்முதலாக அதனைத் தெரிவித்தார். ஏனைய இளைஞர் அறியாத பலவற்றை அவன் அறிந்திருப்பதை வெளியுலகிற் காண்பான் என்றும், அது அவனுடைய பெருமையன்று, கற்பிக்க இயன்ற, அதற்காகச் சிரமப்பட விரும்பிய ஒரு தந்தை வாய்த்தமையே காரணம் என்றும் அறிவுறுத்தினார். பிரான்சில் அவர் பெந்தத்தின் சகோதரரான சாமுவேல் பெந்தத்தின் குடும்பத்தினருடன் ஓராண்டுக்கு மேல் தங்கினார். பிரெஞ்சு மொழியையும், மலைகளின் அழகையும், தாவரங்களைச் சேகரிக்கும் இன்பத்தையும் அங்கே கண்டுகொண்டார்.

இருபது வயதில் ஏற்பட்ட நெருக்கடி

1823இல், பதினேழாம் வயதில், மில் தந்தையின் கீழ் கிழக்கிந்தியக் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். சமூகச் சீர்திருத்தமே அவரது இலட்சியமாக இருந்தது. 1826இல் ஒருநாள் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் அனைத்தும் இந்தக் கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? இல்லை என்ற விடையே உள்ளத்தில் எழுந்தது. வாழ்க்கை பொருளற்றதாகத் தோன்றியது. வேலைகளை இயந்திரம் போலச் செய்தாரே தவிர எதிலும் இன்பம் காணவில்லை. நூல்களும் ஆறுதல் தரவில்லை. இதனைத் தந்தையிடம் கூறவும் அவரால் இயலவில்லை. மனம்விட்டுப் பேச நெருங்கிய நண்பரும் இருக்கவில்லை.

மாதங்கள் பல கழிந்தன. மார்மொன்ரெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளை வாசித்தபோது, சிறுவன் ஒருவன் தந்தையை இழந்து தவிக்கும் குடும்பத்துக்குத் தானே துணையாக நிற்பேன் என உறுதிகொள்ளும் பகுதி வந்தது. மில்லின் கண்கள் கலங்கின. தம்மிடம் உணர்ச்சி முற்றாக வற்றிவிடவில்லை என்பதை அக்கண்ணீர் அவருக்கு உணர்த்தியது. 1828இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகள் மேலும் ஆறுதலளித்தன. அறிவைக் கூர்மையாக்கும் கல்வி உணர்வையும் வளர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தந்தையின் பாடத்திட்டத்தில் விடுபட்ட பாடத்தை மகன் தாமே தேடிக் கற்றார் எனலாம்.

பிற்கால வாழ்வும் பணிகளும்

மில் கிழக்கிந்தியக் கம்பனியில் 1858 வரை 35 ஆண்டுகள் பணியாற்றினார். ஆயினும் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. 1843இல் அளவையியல் பற்றிய நூலும், 1848இல் பொருளியல் நூலும் வெளியாகின. 1851இல் ஹரியற் ரெய்லரை மணந்தார். 1858இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் மனைவி காலமானார். அடுத்த ஆண்டில் 'சுதந்திரம்' பற்றிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. பிறருக்குத் தீங்கு விளைவிப்பதைத் தடுப்பதற்காகவன்றி ஒருவரின் சுதந்திரத்தில் அரசோ சமூகமோ தலையிடலாகாது என்பது அதன் சாரமாகும். எனினும் குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட மக்களுக்கு இதே சுதந்திரத்தை அவர் ஏற்கவில்லை. இது அவரது சிந்தனையின் குறைபாடாகச் சுட்டப்படுகின்றது.

அதே நூலில் கல்வி பற்றியும் அவர் எழுதினார். ஒவ்வொரு பிள்ளையும் கல்வி பெறுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும், ஆனால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கும் ஒரே கல்வியை அரசு திணிக்கக் கூடாது என்றார். எங்கே கற்றாலும் சரி, பிள்ளை கற்றுள்ளதா என்பதைப் பொதுப் பரீட்சைகள் மூலம் அறியலாம் என்பது அவரது யோசனை.

1865 முதல் 1868 வரை அவர் வெஸ்ற்மினிஸ்ரர் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1867இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி அவர் கொண்டுவந்த திருத்தம் 73க்கு 196 என்ற வாக்குகளால் தோல்வியடைந்தது. அதே ஆண்டில் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அறிவுக் கல்வி, ஒழுக்கக் கல்வி ஆகியவற்றுடன் கவிதையும் கலையும் வளர்க்கும் உணர்வுக் கல்வியையும் மூன்றாவதாக வலியுறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் பட்ட துன்பத்தின் பாடம் அதில் ஒலித்தது. 1873 மே மாதத்தில் அவிஞ்ஞோனில் அவர் காலமானார். அவரது வாழ்க்கை வரலாறு அதே ஆண்டில் வெளியானது.

முடிவுரை

விரைந்து கற்கும் பிள்ளையை வயதுக்குரிய பாடத்திலேயே கட்டிவைக்க வேண்டியதில்லை என்பதற்கு மில் சான்றாவார். பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் விளங்கிக் கற்கும் முறையும் அவரை வெகுதூரம் கொண்டுசென்றன. ஆனால் விளையாட்டும் தோழமையும் அன்பான பேச்சும் பாடவேளையை வீணாக்குபவை அல்ல என்பதற்கும் அவரே சான்று. அவை இல்லாத இடம் வெறுமையாகவே இருந்து, இருபதாம் வயதில் அவரை வருத்தியது. மாணவர்களே, பரீட்சைக்காக விழித்திருந்து படிக்கும் உங்களுக்கும், உங்களைப் படிப்பிக்கும் எமக்கும் இவ்விரண்டு உண்மைகளும் பொருந்தும்.

நினைவிற் கொள்க

• 1806 – இலண்டனில் பிறப்பு
• 3 வயது – கிரேக்கம். 8 வயது – இலத்தீன். 12 வயது – அளவையியல். 13 வயது – பொருளியல்
• 1820 – பிரான்ஸ் பயணம்
• 1823 – கிழக்கிந்தியக் கம்பனியிற் சேர்தல்
• 1826 – மன நெருக்கடி
• 1859 – 'சுதந்திரம்' நூல்
• 1865 – 1868 – பாராளுமன்ற உறுப்பினர்
• 1873 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. கிரேக்கச் சொற்களின் பொருளை மில் தந்தையிடமே கேட்க வேண்டியிருந்தமைக்குக் காரணம் யாது?
2. ஜேம்ஸ் மில்லின் கற்பித்தல் முறையிற் காணப்பட்ட மூன்று அம்சங்களைக் குறிப்பிடுக.
3. அக்கல்வியில் விடுபட்டவை எவை? அவற்றின் விளைவை விளக்குக.
4. விரைவாகக் கற்கும் தம்பியோ தங்கையோ உமக்கு இருப்பின், அவருக்கு வீட்டில் எவ்வாறு உதவுவீர்? மில்லின் வாழ்வை ஆதாரமாகக் கொண்டு ஒரு பந்தியில் எழுதுக.