கிறித்தியன் டொப்ளர்

ஓடும் பொருளின் வேகத்தை அதனைத் தொடாமலே அறியும் வழியை உலகுக்குக் காட்டியவர் கிறித்தியன் டொப்ளர். அன்னாரின் வாழ்வை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இன்றைய ஒஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பேர்க் நகரில், கற்றச்சர் குடும்பமொன்றில், 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி இவர் பிறந்தார். மெலிந்த உடல் குலத்தொழிலுக்கு ஒவ்வாமையாற் கல்வியை நாடினார். வியன்னாவிற் கணிதம் பயின்றும் நிலையான உத்தியோகம் கிட்டவில்லை. பஞ்சாலையொன்றிற் கணக்கெழுதிச் சீவித்தார். 1835இல் உடைமைகளை விற்று அமெரிக்காவுக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்த வேளையிலே பிராக் நகரத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியப் பதவி வாய்த்தது.

அந்நகரிலேயே 1842 மே 25இல் இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றிய கட்டுரையை அறிஞர் கழகத்தில் வாசித்தார். அலைகளை எழுப்பும் பொருள் எம்மை அணுகின் அவற்றின் மீடிறன் கூடும், அகலின் குறையும். இதுவே அவர் கண்ட விதி. 1845இல் ஒல்லாந்து தேசத்து அறிஞர் பைஸ் பலொட், எக்காளம் ஊதுவோரைப் புகையிரதத்தில் ஏற்றிச் சோதித்தார். ஒலி விதிக்கு இசைந்தது. ஆயின் விண்மீன்களின் நிறவேறுபாட்டுக்கு அவற்றின் இயக்கமே காரணமென டொப்ளர் கொண்டது பிழையே. அந்நிறம் பெரிதும் வெப்பநிலையைப் பொறுத்தது.

1850இல் வியன்னா சர்வகலாசாலைப் பௌதிக நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். ஈராண்டுள் கணிதப் பேராசிரியர் பெற்சுவால் அவ்விதியையே வன்மையாக மறுத்தார். எதிர்ப்பு ஓயுமுன்னரே நுரையீரல் நோய் முற்றி, 1853 மார்ச் 17இல் வெனிஸ் நகரில், தமது 49ஆம் வயதில், டொப்ளர் காலமானார்.

ஏறக்குறைய நூறாண்டு கழிந்தது. 1951இல் அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் வைலி இவ்விதியை ராடாருக்குப் புதுவகையாகப் பயன்படுத்தினார். பறக்கும் விமானத்துக்கு நிலத்தின் ஒவ்வோரிடமும் சற்றே வேறான மீடிறனுடன் எதிரொலிக்கும். அவ்வேறுபாட்டைப் பகுத்தால், சிறிய அலைவாங்கியைக் கொண்டே மிக நுண்ணிய படம் பெறலாம். ஆயினும் இக்கணக்கு நிலம் அசையாதெனக் கொண்டது. விமானத்தை நோக்கி ஓடிவரும் புகையிரதம், தன் வேகத்தால் மீடிறன் மாறுதலின், படத்தில் தண்டவாளத்தை விட்டு விலகித் தோன்றும். அவ்விலகலை அளந்தே அதன் வேகத்தைக் கணிக்கின்றனர். படத்தின் பிழையே உண்மையை உரைக்கின்றது!

டொப்ளர் காட்டிய உதாரணம் தவறிற்று, விதி தவறவில்லை. மாணவனொருவனின் விடை பிழைத்தவிடத்து அவன் கொண்ட கருத்தையுஞ் சேர்த்து எறிந்துவிடாதிருக்க, ஆசிரியராயமைந்த நாம் இவர் வாழ்விலிருந்து கற்போமாக.