கண்ணம்பாடி கண்ட பொறியாளர்

ஒரு பெரும் பணியை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு பகுத்துக் கொள்வது, குறித்த நாளில் குறித்த செலவில் எவ்வாறு முடிப்பது என்பவற்றை இக்காலத்தில் திட்ட மேலாண்மை என்னும் பெயரால் கல்லூரிகளில் பயிற்றுவிக்கின்றனர். அப்பெயர் வழக்கில் வருவதற்கு நெடுநாள் முன்னரே அக்கலையின் அரிச்சுவடியைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டியவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. கன்னட நாட்டில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் அன்னாரின் வரலாற்றை அறிந்து கொள்வது பொருத்தமுடையதே. அவர் அணையிட்டுத் தேக்கிய ஆறு நம் முன்னோர் வயல்களுக்கும் பாய்ந்த ஆறன்றோ!

1860-களின் தொடக்கத்தில், சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளியில் தெலுங்கு பேசும் அந்தணக் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி வல்லவர். மகன் சிறுவனாயிருக்கும்போதே அவர் மறைந்தார். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற நாளில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த வருவாயில் படிப்பை நடத்தி, 1881-இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவிச் சம்பளத்தில் புனாவில் பொறியியல் பயின்று, 1883-இல் முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் அரசின் பொதுப்பணித் துறை அவரை உதவிப் பொறியாளராக ஏற்றுக்கொண்டது.

அத்துறையில் கழித்த ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகளே அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் எனலாம். சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்க வேண்டியிருந்தது. ஆற்று நீரோ கலங்கல். வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி, மணலே நீரை வடிகட்டித் தருமாறு செய்தார். கையிலுள்ள பொருளுக்கேற்ப வழி காண்பதே அங்கு அவர் கற்ற பாடம். புனாவை அடுத்த கடக்வாஸ்லா ஏரியில், கரையை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்க, வெள்ளம் ஏறினால் தாமே திறந்து, வடிந்தால் தாமே மூடிக்கொள்ளும் மதகுகளை 1903-இல் அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற்றும், தாம் ஊழியம் புரிந்த அரசிடம் அதற்கென ஒரு தொகையும் கோரவில்லை. அவரைப் பற்றி மெழுகுவத்திக் கதைகள் பல உலவுகின்றன; நேர்மைக்குச் சான்றாக இந்த ஒன்றே போதும் என்பது எம் கருத்து.

1908-இல் பம்பாய்ப் பணியினின்று விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்தபோது, நிஜாம் அரசு அவரை அழைத்தது. நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென அவர் கூறிய யோசனையே பின்னாளில் உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகளாக உருக்கொண்டது.

1909 நவம்பரில் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சென்று கொண்டிருந்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். ஆற்றைத் தேக்கினால் மின்சாரம் சீர்ப்படும். வறண்ட மண்டியா நிலங்களும் பசுமையுறும். ஆயினும் சிறிய அரசின் கருவூலத்துக்கு அது பெருஞ்சுமை. அனுமதி நாளும் தள்ளிப் போயிற்று; விசுவேசுவரய்யா மனம் சோர்ந்தார். இறுதியில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை அழைத்துக் கேட்டறிந்து, 1911-இன் பிற்பகுதியில் இசைவு தந்தார். நவம்பரில் வேலை தொடங்கிற்று.

அவ்வேலையை அவர் நடத்திய முறையைச் சற்று விரித்துரைப்பது தகும். முழு அணைக்கும் வரைபடமும் மதிப்பீடும் முதலிலேயே ஆயத்தம். கட்டுவது மட்டும் இரு படிகளாக. சுரங்கத்தாருக்குக் கூடுதல் மின்சாரம் தரக் குறித்த நாளை முடிவாக வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு பருவத்திலும் சுவர் எவ்வளவு உயர வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. மழைக்காலத்தில் காவிரி பெருகிவிடும். ஆற்றினுள் செய்ய வேண்டியவற்றை நீர் வற்றிய மாதங்களுக்குள் செய்தாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறும். சிமெண்ட் இந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்காத காலம். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையே கற்களை இணைத்தது. ஏறத்தாழ 10,000 பேர் உழைத்தனர். மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. இரவிலும் விளக்கொளியில் வேலை நடந்தது. ஏட்டில் எழுதிய தேதிகளைக் காத்தவை அப்பெயர் தெரியாத கைகளே. கண்ணம்பாடி ஊரும் அதன் வேணுகோபாலசுவாமி கோயிலும் நீரில் மூழ்கின. வீடிழந்தோரின் துயர் எந்த மதிப்பீட்டில் அடங்கும்?

இனி, தமிழர் நெஞ்சில் நிற்கும் செய்திக்கு வருவோம். மைசூர் கேட்டது 4,150 கோடி கன அடி நீரைத் தேக்கும் அணை. தஞ்சை வயல்களை எண்ணி மதராஸ் அரசு மறுத்தது. மேட்டூரில் தானும் அணை கட்ட எண்ணியிருந்தது. இந்திய அரசு 1,100 கோடி கன அடிக்கே இசைந்தது. ஆனால் அடித்தளமோ முழு அணைக்கேற்ற அகலத்தில் இடப்பட்டது! பொறியியல் நோக்கில் அது தொலைநோக்கு. பின்னர் அடித்தளத்தை அகலப்படுத்துவது எளிதன்று. கீழ்க்கரையில் உள்ளோர்க்கோ அது முடிவை முன்கூட்டியே நாட்டிவிட்ட செயலாகத் தோன்றிற்று. இரண்டு எண்ணங்களும் நியாயமுடையனவே. 1913-இல் நீதிபதி கிரிபின் நடுவரானார். 1914-இல் வெளிவந்த தீர்ப்பை மதராஸ் ஏற்கவில்லை. வழக்கு இலண்டன் வரை சென்று, 1924 பிப்ரவரியில்தான் உடன்படிக்கை பிறந்தது. அதன்படி மைசூருக்கு ஏறத்தாழ 4,480 கோடி கன அடி; மேட்டூருக்கு 9,350 கோடி கன அடி. கல், காரை, ஆள், நாள் அனைத்தையும் கணக்கிட்ட அப்பேரறிஞர், அண்டை அரசின் இசைவுக்கு வேண்டிய காலத்தை மட்டும் கணக்கில் கொள்ளவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஐம்பது ஆண்டு கழித்து, 1974-க்குப் பின் மூண்ட வழக்கை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. இம்மாநிலத்தில் வாழும் நாம் அதனை நன்கறிவோம்.

1912-இல் அவர் மைசூர் திவானானார். மைசூர் வங்கி, பல்கலைக்கழகம், பெங்களூர்ப் பொறியியற் கல்லூரி ஆகியன அவர் காலத்தில் எழுந்தன. பின்தங்கிய வகுப்பினர்க்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்குவது பற்றி மன்னரோடு கருத்து வேறுபட்டு, 1918-இல் பதவி துறந்தார். காலம் அவ்விஷயத்தில் மன்னர் பக்கமே நின்றது என்போம். நட்டத்தில் தத்தளித்த பத்ராவதி இரும்பாலையை 1923-இல் ஏற்றுச் செலவைச் சுருக்கி நிமிர்த்தினார். நாடு முழுமைக்கும் பொருளாதாரத் திட்டம் வேண்டுமென 1934-இல் நூலெழுதினார்.

கிருஷ்ணராஜ சாகரம் 1930-களின் தொடக்கத்தில் முற்றுப்பெற்றது. அப்போது அவர் அரசுப் பதவி எதிலும் இல்லை. வேறு பொறியாளர்கள் அதே வரைபடத்தைக் கையில் வைத்துக் கொண்டு, அதே அடித்தளத்தின்மேல் கட்டி முடித்தனர். 1934-இல் மேட்டூர் அணையும் நிறைவெய்தியது.

1955-இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. தொண்ணூறு வயது கடந்த பின்னும், மொகாமாவில் கங்கைக்குப் பாலமிட ஏற்ற இடத்தை ஆராயும் பணியை ஏற்றுச் செய்தார். 1962 ஏப்ரல் 14 அன்று பெங்களூரில் அவர் உயிர் நீத்தார். உடல் முத்தேனஹள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிறந்த மண்ணிலேயே எரியூட்டப்பட்டது.