காணா ஒளியை அளந்த லாங்லி

அரும்பணி ஆற்றியும் தோல்வியொன்றாலேயே உலகம் நினைக்கும் பெரியோர் சிலர் உளர். அமெரிக்க அறிஞர் சாமுவேல் பியர்பொன்ற் லாங்லி அவருள் ஒருவர். 1903ஆம் ஆண்டில் அவர் அமைத்த வானூர்தி இருமுறை பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களின் பின் ரைற் சகோதரர் பறந்து காட்டினர். அவ்வீழ்ச்சியை நினைவிற் கொண்டோர், அவர் வானியலுக்கு ஈந்த அருங்கருவியை மறந்தனர்.

லாங்லி 1834ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரையடுத்த றொக்ஸ்பரியிற் பிறந்தார். பல்கலைக்கழகம் புகாதவர். தம்பியுடன் தாமே தொலைகாட்டி அமைத்து வானியல் பயின்றார். 1867இல் அலெகெனி வானாய்வகத்தின் தலைமையை ஏற்றார். ஆங்கே பொருள் வறுமை வருத்தியது. விண்மீன்களை நோக்கிக் கணித்த நேரத்தைத் தந்திவழியே இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு விற்று, அவ்வூதியத்தால் ஆய்வகத்தைப் பேணினார்.

நிறமாலையிற் செந்நிறத்துக்கு அப்பாலும் வெப்பக்கதிர் உண்டென்பதை 1800இல் வில்லியம் ஹேர்சல் கண்டிருந்தார். அக்கதிர் எவ்விடத்து எவ்வளவு என அளத்தற்கு அந்நாளைய வெப்பமானிகள் போதா. லாங்லி, புகைக்கரி பூசிய மெல்லிய பிளாற்றினக் கீற்றொன்றில் மின்னைச் செலுத்தினார். கதிர் படக் கீற்று சூடேறும்; சூடேற மின்றடை மிகும்; அம்மாற்றத்தைக் கல்வனோமானி காட்டும். ஏறத்தாழ 1880இல் உருவான இதுவே போலோமீற்றர். ஒரு பாகையின் நூறாயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தையும் அஃது உணர்ந்தது. நெடிய வெப்பக்கதிர்களைக் கண்ணாடி தடுப்பதால், பாறையுப்பினாலான அரியத்தைக் கொண்டார்.

வளி எத்துணைக் கதிரை விழுங்குகின்றது என்னும் வினா எழவே, 1881இல் கருவிகளைக் கலிபோர்ணியாவின் விற்னி மலைக்குச் சுமப்பித்தார். பின்னர் நிலவின் வெப்பத்தையும் அளந்தார். 1896இல் சுவீடன் அறிஞர் அரீனியசு, காபனீரொட்சைட்டு மிகுந்தாற் புவி எவ்வளவு சூடேறும் எனக் கணித்தது அவ்வளவீடுகளைக் கொண்டே. இன்று உலகை அச்சுறுத்தும் வினாவிற்கு அன்றே அவை துணையாயின.

1887இல் சிமித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராகிய அவர், 1890இல் அதன் வானியற்பௌதிக ஆய்வகத்தை நிறுவினார். 1906 பெப்ரவரி 27இல் மறைந்தார்.

1961இல் பிராங் லோ, கடுங்குளிரில் இயங்கும் சேர்மானியப் போலோமீற்றரை அமைத்து அக்கருவிக்குப் புத்துயிர் ஊட்டினார். 2009இல் ஏவப்பெற்ற ஹேர்சல் விண்தொலைகாட்டியும் 2013வரை, விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த தூசுமுகில்களைப் போலோமீற்றர்களாலேயே நோக்கியது. வானூர்தி ஆற்றில் வீழ்ந்தது. மெல்லிய கீற்றோ விண்ணேறிற்று. ஒருவர்தம் வாழ்வை அவர் இறுதித் தோல்வி கொண்டு அளத்தல் ஆகாதென்பதை மாணவர் உணர்வாராக.