நரம்பியல் முன்னோடி ஒகஸ்டா கிளம்ப்கே (1859–1927)

மகப்பேற்று விடுதியில் கடமையாற்றிய நம் பழைய மாணவிகளுக்குக் கிளம்ப்கே வாதம் தெரிந்திருக்கும். பிரசவத்தின்போது குழந்தையின் கை மேல்நோக்கி இழுபட்டு, விரல்கள் செயலற்றுப் போகும் நிலை அது. அந்தப் பெயருக்குரியவர் ஒரு பெண். சங்கத்தின் நூற்றாண்டில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

ஒகஸ்டா 1859இல் சன் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயாரே பிள்ளைகளை வளர்த்தார். பாரிசில் பெண்களும் மருத்துவம் கற்கலாமென அறிந்து, 1877இல் குடும்பத்தோடு அங்கு குடியேறினார். பிள்ளையின் படிப்புக்காகப் படுவான்கரையிலிருந்து வாவி கடந்துவந்து ரவுனில் வாடகைக்கு இருக்கும் நம் தாய்மாரைப் போன்றவர் அவர். இன்னொரு மகள் டொரோதியா, சனிக்கோளின் வளையங்களை ஆராய்ந்து 1893இல் கணிதத்தில் கலாநிதியானார்.

மருத்துவ பீடம் பெண்களைச் சேர்த்தபோதும், வைத்தியசாலையின் உள்ளகப் பயிலுநர் பதவி ஆண்களுக்கே உரியதாக இருந்தது. பெண்களை அனுமதிக்கக்கூடாதென வைத்தியர்களே மனுக் கொடுத்தனர். 1885இல் தடை நீங்க, மறு ஆண்டு போட்டிப் பரீட்சையில் தேறி, பாரிஸ் வைத்தியசாலைகளின் முதற் பெண் உள்ளகப் பயிலுநரானார் ஒகஸ்டா.

அந்த 1885இலேயே, மாணவியாக இருந்தபடி, அவர் தம் பெயர் நிலைக்கும் ஆய்வை வெளியிட்டார். கை வாதமுற்ற சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து கண்மணி சுருங்குவது ஏன்? கண்ணுக்குப் போகும் நரம்பிழைகள் முதலாவது மார்பு நரம்பு வேரின் வழியே முண்ணாணிலிருந்து வெளியேறுவதே காரணமென விளக்கினார். எக்ஸ்றேகூட வராத காலம் அது.

1888இல் நரம்பியல் அறிஞர் ஜூல் டெஜெரினை மணந்தார். படிப்பு நிற்கவில்லை. ஈய நஞ்சு உள்ளிட்ட காரணங்களால் வரும் நரம்பழற்சி பற்றிய ஆய்வேட்டுக்கு 1889இல் மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணவரோடு உழைத்து உருவாக்கிய மூளை உடற்கூற்று நூல் 1895இலும் 1901இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. 1914இல் பாரிஸ் நரம்பியல் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். முதலாம் உலகப் போரில் முண்ணாண் காயமுற்ற வீரர்களைப் பராமரித்தார். 1927இல் மறைந்தார்.

நம் மொழிக்காரியான டொக்டர் கனகா 1972இல் சென்னையில் மூளைச் சத்திரசிகிச்சை ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இன்று மட்டக்களப்பில் ஒரு பெண்பிள்ளை வைத்தியராவது புதினமில்லை. ஆராய்ச்சிக்குப் போகப்போவதாகச் சொன்னால்தான், படித்தது போதுமென்ற பேச்சு வீட்டில் எழுகிறது. நோயாளியின் கட்டிலருகே பிறக்கும் கேள்வியைத் தேடிப் போக அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். உலகெங்கும் வாழும் சகோதரிகளே, அப்படியொரு தங்கை உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்தால், ஒகஸ்டாவின் தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள்.