மன்னிப்புக் கேட்க மறுத்த சங்கரன் நாயர்

ஏலூர்:
கடல் கடந்த நாட்டில் ஒரு கோர்ட்டு தீர்ப்புச் சொல்கிறது. தோற்றவர் ஊர் திரும்பிவிட்டார். தீர்ப்பு அவரைத் தேடி இங்கே வருமா? வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நின்றவர் சர் சேத்தூர் சங்கரன் நாயர்.

தாசில்தார் மகன்

ஷொரனூரிலிருந்து பாலக்காடு போகும் ரயிலில் லக்கிடியைத் தாண்டினால் மங்கரை ஸ்டேஷன் வரும். அந்த மங்கரையில் 1857 ஜூலை 11-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை தாசில்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டமும் தேறி, 1880-ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

1897-ல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1908-ல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1915-ல் வைசிராயின் நிர்வாக சபையில் இடம் பெற்றார். கல்வி இலாகா அவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் ஓர் இந்தியர் அதற்கு மேல் எட்டக்கூடிய பதவி ஏது?

அந்தப் பதவியைத்தான் 1919 ஜூலையில் அவர் துறந்தார். ஏப்ரல் 13-ல் ஜாலியன் வாலாபாக்கில் நடந்த படுகொலையும், பஞ்சாபில் ராணுவச் சட்டம் செய்த கொடுமையும் அவருக்குப் பொறுக்கவில்லை.

லண்டன் வழக்கு

1922-ல் அவர் எழுதிய நூல் காந்தியடிகளின் வழியைக் கண்டிப்பது. ஆனால் பஞ்சாப் கொடுமைகளையும் அது மறைக்கவில்லை. அப்போது பஞ்சாபில் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சர் மைக்கேல் ஓட்வயர், லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

1924-ல் ஐந்து வாரம் விசாரணை நடந்தது. நீதிபதி மக்கார்டி, ஜெனரல் டயர் செய்தது சரியே என்ற தம் கருத்தை ஒளிக்கவில்லை. ஜூரிகள் 12 பேரில் 11 பேர் ஓட்வயர் பக்கம். பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி ஒருவரே மாறுபட்டார். 500 பவுன் நஷ்டஈடு. செலவுத் தொகை ஏறக்குறைய 7,000 பவுன்.

மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுத்தருவதாக ஓட்வயர் தூது விட்டார். நாயர் மறுத்தார்.

சட்டம் தந்த இடம்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று நம் சிவில் நடைமுறைச் சட்டப்படி லண்டன் கோர்ட்டும் அன்னியக் கோர்ட்டுதான். அதன் டிகிரியை இந்தியாவில் நேரே அமல் நடத்த வழியில்லை. ஓட்வயர் இங்கே வந்து, அந்தத் தீர்ப்பின் பேரில் 6 ஆண்டுக்குள் புதிதாக வழக்குப் போட வேண்டும். அதில் நாயர் 13-வது பிரிவைக் காட்டி வாதாடலாம். இயற்கை நியாயத்துக்கு மாறான தீர்ப்பு, மோசடியால் பெற்ற தீர்ப்பு, அதிகாரமில்லாத கோர்ட்டின் தீர்ப்பு ஆகியவை செல்லாது என்கிறது அந்தப் பிரிவு. அதிகாரமில்லை என்று மட்டும் அவர் சொல்ல முடியாது; தாமே ஆஜராகி வழக்காடியவர் அவர். ஆனால் நீதிபதியின் சாய்வைச் சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்திருக்கலாம். ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவருக்கு இது தெரியாததல்ல.

அவர் இழுத்தடிக்கவில்லை. பணத்தைக் கட்டினார், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. 1934 ஏப்ரல் 24-ல், 77 வயது நிறையும் முன்பே, காலமானார்.

இன்றைய நிலை

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1937-ல், 44-ஏ பிரிவு வந்தது. அரசு அறிவித்த நாடுகளின் பண டிகிரிகளை நம் மாவட்டக் கோர்ட்டிலேயே நேராக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர் வரிசையில் 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. துபாயில் கடன் வைத்து ஊர் திரும்பியவர் கப்பல் ஏறியதோடு கடன் தீர்ந்தது என்று இனி எண்ண முடியாது. நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் வக்கீலிடம் காட்டுவதே நல்லது. 13-வது பிரிவின் காப்பு இன்றும் உண்டு.

நாயருக்கும் அந்தக் காப்பு இருந்தது. அதற்குள் அவர் ஒளியவில்லை. பணம் போனது, மானம் நின்றது.