மோட்டார் சைக்கிளைக் கழற்றிய ஓட்டல் சிப்பந்தி
ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கைக் கதை

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்த கதையை விருதுநகர் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். தொழிலைக் கையால் செய்து பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியும் அதன் பின் பட்டாசும் வறண்ட கரிசல் சீமைக்குச் சோறு போட்டன.

ஏறக்குறைய அதே காலத்தில், கொங்கு நாட்டில் வேறொருவர் மோட்டார் தொழிலை இதேபோல் கையாலேயே கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குக் குரு இல்லை, பட்டம் இல்லை, கையில் பெரிய முதலும் இல்லை. அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி நாயுடு, விவசாயக் குடும்பம். பையனுக்குப் பள்ளிக்கூடம் வேப்பங்காயாகக் கசந்தது. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுவிட்டது. தோட்ட வேலைக்குப் போனார்.

ஒருநாள் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் வண்டி தானாக ஓடுவதைக் கண்ட வாலிபர் மலைத்து நின்றார். அந்த வண்டி தமக்கு வேண்டும் என்று அன்றே மனத்தில் முடிவு கட்டினார்.

எண்ணம் பெரிது, மடியோ காலி. கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த உத்தியோகஸ்தரிடமே போய் வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார்.

வேறொரு வாலிபராக இருந்தால் ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடுவோ வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன வேலை என்று ஆராய்ந்தார். பிறகு மறுபடி பூட்டினார். அந்த இரும்புக் குவியலே அவருக்குக் கல்லூரியாயிற்று. அதன்பின் அவர் மெக்கானிக் ஆனார்.

ஒரே ஒரு பஸ்

பஞ்சுத் தொழிலில் இறங்கி நல்ல லாபம் கண்டார். பம்பாய் பஞ்சு வியாபாரத்தில் அதை இழந்தார். ஆனால் கைத்தொழிலை யாரால் பறிக்க முடியும்? கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் உதவி செய்தார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார். அவரேதான் டிரைவர்.

அந்த நாளில் எஞ்சினும் அடிச்சட்டமும் கப்பலில் வந்து இறங்கும். மேற்கூண்டை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் மரச்சட்டம் கட்டித் தகடு அடித்து முடிப்பார்கள். ஒரு பாகம் ஒடிந்தால் சீமையிலிருந்து மாற்றுப் பாகம் வரும்வரை வண்டி முடங்கிக் கிடக்கும். ஆகவே, கெட்டதைச் சீர் செய்யத் தெரிந்தவனுக்கே அந்தத் தொழிலில் பிழைப்பு. நாயுடுவுக்கு அது தெரிந்திருந்தது. ஒற்றைப் பஸ் பல பஸ்களாகப் பெருகி, யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. உலர் பாட்டரியில் ஓடும் சவரக் கத்தி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் யந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். நம் நாட்டில் தயாரான முதல் மின்சார மோட்டார் அது என்பார்கள்.

இரண்டாயிரம் ரூபாய் கார்

1952-ல் இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை சுமார் 2,000 ரூபாய். சாமான்யரும் கார் ஓட்டலாம் என்ற கனவு பலிக்கும் போலிருந்தது. ஆனால் உற்பத்திக்குச் சர்க்கார் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் கனவாகவே போயிற்று.

கல்வியிலும் அவருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. கோவையில் 1945-ல் தோன்றிய ஆர்தர் ஹோப் பெயர் கொண்ட தொழிற்கல்விக் கூடங்களுக்கு அவரே மூலகாரணர். நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை விழுங்குகிறது, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அது ஏற்கப்படவில்லை; அவர் விலகினார். அங்கு வளர்ந்ததே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. வரிக் கொள்கையைக் கண்டித்துத் தம் தயாரிப்புகளையே பொதுமக்கள் முன் உடைத்து நொறுக்கியதும் உண்டு. பிடிவாதக்காரர்தான், ஆனால் பொருளைச் செய்தவனுக்கே அதை உடைக்கும்போது நெஞ்சு அதிகம் வலித்திருக்கும்.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு

அப்பா ஓட்டிய அம்பாசிடரோ, தாத்தா வாங்கிய லாம்பிரெட்டாவோ துருவேறிக் கிடக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. பழைய இரும்புக்குப் போடுமுன், நாயுடு செய்த காரியத்தை நினைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்புக்காற்றில் தகடு சீக்கிரம் அரிக்கும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில் அரிப்பு மெதுவாகவே நடக்கும். பாதி வண்டியாவது தேறும்.

முதலில் பாட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு கழற்றும் வரிசையிலேயே திருகுகளை டப்பாக்களில் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும். அரித்த இடம் பொத்தென்னும். மேல்துருவை உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அடித்துவிட வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து மறைப்பது வீண் செலவு. உள்ளே துரு வளரும். அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே சிக்கனம். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கலாகாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்ப்பதும், மூக்கை மூடிக்கொள்வதும் நல்லது.

பட்டாசுச் சீமைக்கென்று இன்னும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலோ பக்கத்திலோ மருந்து, திரி, பட்டாசுக் காகிதம் இருந்தால் அங்கே சாணைக்கல்லோ வெல்டிங்கோ கூடவே கூடாது. ஒரு பொறி போதும். காலி பெட்ரோல் டாங்கியும் அப்படியே. உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். டாங்கி வேலையை மட்டும் பட்டறைக்காரரிடம் விட்டுவிட வேண்டும்.

நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். கோவையில் அவர் பெயரால் காட்சிசாலை இருக்கிறது. பழைய கார்களுக்கென்று தனி அருங்காட்சியகமும் உண்டு. 2025 அக்டோபரில், அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

விடுமுறைக்குப் பேரன் வீட்டுக்கு வந்தால், மூலையில் கிடக்கும் வண்டியின் ஒரு திருகைக் கழற்றச் சொல்லலாம். மீண்டும் பூட்டத் தெரிந்துவிட்டால், அவனும் நாயுடுவின் பள்ளியில் சேர்ந்தவனே.